மூங்கிலில் யர்ட்: இரண்டே நாளில் கட்டலாமாமே?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

கொடைக்கானல் கீழ்மலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கான்கிரீட் போட மனசில்லை. மங்கோலியர்களின் வட்டக் கூடாரத்தை, யர்ட் என்கிறார்களே, அதை மூங்கிலில் செய்தால் இரண்டே நாளில் கட்டிவிடலாம், வேண்டாதபோது மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மூங்கில் நம்மூரில் கிடைக்காத பொருளா? யாராவது கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மழைக்கு நிற்குமா?

12 பிப்ரவரி 2024, காலை

நான் கட்டியிருக்கிறேன். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே எங்கள் நர்சரி. லீவுக்கு வரும் பிள்ளைகள் படுக்க ஒரு இடம் வேண்டுமென்று ஆரம்பித்தது. பொங்கல் கழிந்து பத்தாம் நாள் வேலை முடிந்தது. 14 அடி விட்டம்.

அந்த இரண்டு நாள் கதையை முதலில் முடித்துவிடுவோம். செய்து வைத்த யர்ட்டை நிறுத்த இரண்டு மணி நேரம் போதும். செய்வதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது, அதுவும் பந்தல் போடுகிற அண்ணன் ஒருவர் கூடவே இருந்ததால். வீடியோவில் காட்டுவது நிறுத்துவதை மட்டும்.

யர்ட்டுக்கு நான்கே உறுப்பு. சுற்றுச்சுவர் என்பது பிளாச்சுகளை, அதாவது பிளந்த மூங்கில் பட்டைகளை, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த சட்டம். பழைய கடைகளில் இரும்பு மடக்குக் கதவு இருக்குமே, அதே மாதிரி இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். மங்கோலியர் இதைக் கானா என்பார்கள் (மரண கானாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). உச்சியில் ஒரு வளையம், தூனோ. வளையத்திலிருந்து சுவருக்குக் குடைக்கம்பி போல இறங்கும் கூரைக் கழிகள், ஊனி. அப்புறம் கதவு. இவ்வளவுக்கும் மேலே, ஆட்டு மயிரை நனைத்து உருட்டி இறுக்கிய தடித்த கம்பளியைச் சுற்றிக் கட்டுவார்கள். அவர்கள் மொழியில் மொத்தத்துக்கும் பெயர் கெர்.

ஒரே ஒரு புத்திமதி: மூங்கிலுக்கு ஓட்டை போடவே போடாதீர்கள். நான் முதல் பிளாச்சில் ஆணி அடித்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். ஆணிக்கு மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது கணு வரை ஓடியிருந்தது. அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூங்கில ஆணியால மெரட்டக்கூடாது தங்கச்சி. கட்டணும்."

12 பிப்ரவரி, இரவு

நான்கே உறுப்பு என்று காலையில் எழுதினேன். ஐந்து. சுவரின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு அல்லது பட்டை ஓடும், அரைஞாண் மாதிரி. கூரைக் கழிகள் பாரத்தால் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது இந்தக் கயிறுதான். மறந்துபோனதற்குக் காரணம், நான் அதைத் தேங்காய்நார்க் கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டதோடு சரி, அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை.

15 பிப்ரவரி

எந்த மூங்கில் என்று கேட்டவருக்கு. நான் எடுத்தது இரண்டு ரகம். சுவர்ப் பிளாச்சுக்கு முள்மூங்கில், ஆறு கழி. கூரைக்குக் கல்மூங்கில், உள்ளே துவாரம் இல்லாமலோ, இருந்தும் இல்லாத மாதிரியோ இருக்கும். போலீஸ் லத்திக்குப் போவது அதுதான். ஒன்றே கால் அங்குலக் கனத்தில் எடுத்தால் நுனியைச் செதுக்கலாம், உடையாது. முள்மூங்கிலை அந்த வேலைக்குப் போட்டால் நுனி நசுங்கும்.

மூங்கிலின் எமன் மழை என்று நினைத்திருந்தேன். மழை இரண்டாவது எமன். முதல் எமன் வண்டு. மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்னத்தான் துளைவண்டு வருகிறது. இளங்கழியில் மாவு அதிகம், ஆகவே மூன்று வயது தாண்டிய கழியாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். அதன்பின் வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நான் போட்ட கணக்கு: 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் அமிலம். குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து, பிளாச்சுகளைப் போட்டு, மேலே கல் வைத்து ஒரு வாரம். முழுக் கழி என்றால் கணுத்தடுப்புகளைக் கம்பியால் குத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உள்ளே போகாது. கல்மூங்கிலுக்குக் குத்த இடமே இல்லை, கூடுதலாக ஊறவிட்டேன். நிழலில் நிறுத்திக் காயவைக்கவும், வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

16 பிப்ரவரி

கேட்டுவிட்டீர்கள். எலுமிச்சை மரத்தடியில். இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி மஞ்சளாகி உதிர்கிறது. அந்த மருந்தில் இருப்பது போரான். கொஞ்சம் இருந்தால் செடிக்கு உரம், கூடினால் நஞ்சு. அதிலும் எலுமிச்சை வகைக்குச் சுத்தமாக ஆகாது. நர்சரி வைத்திருப்பவள் செய்கிற காரியமா என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை தண்ணீரை டிரம்மில் மூடி வைத்து மறுபடி பயன்படுத்துவதாக உத்தேசம்.

3 மார்ச்

அளவு கேட்டவருக்கு. 14 அடி விட்டமென்றால் சுற்றளவு 44 அடி. கதவுக்கு இரண்டரை அடி போக, சுவர் 41½ அடி. பிளாச்சு 8 அடி நீளம், அடிக்கு ஒரு கட்டு. சட்டத்தை 45 பாகையில் விரித்தால் சுவர் ஐந்தரை அடிக்குச் சற்று மேலே நிற்கும். ஒவ்வொரு கட்டமும் 17 அங்குல அகலம். ஆக 30 பிளாச்சு இந்தப் பக்கம், 30 அந்தப் பக்கம், ஓரத்துக்குச் சில துண்டுகள். மொத்தம் ஏறக்குறைய 240 கட்டு. சுவரின் தலையில் 30 கூரைக் கழி, கதவின் தலையில் 2. சட்டத்தை இன்னும் இழுத்தால் வீடு பெரிதாகும், சுவர் குட்டையாகும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்தது. சுவர் இடுப்புயரம் வரும்வரை இழுத்துப் பார்த்தார்கள்.

வளையத்தைப் பற்றி இதுவரை எழுதாமல் விட்டது வெட்கத்தினால். முதலில் நான் வைத்தது சைக்கிள் ரிம். நம்மூர்ப் பெரிய சைக்கிளின் முன்சக்கர ரிம்மில் 32 துளை. எனக்கு வேண்டியதும் 32 கழி. முருகனே கணக்குப் போட்டுக் கொடுத்தான் என்று நினைத்தேன். ஒவ்வொரு கழி முனையிலும் ஒரு கம்பியைச் செருகித் துளையில் மாட்டினேன். பத்து நிமிடம் அழகாக நின்றது. அப்புறம் எல்லாக் கழியும் ஒரே பக்கமாகச் சாய, ரிம் ராட்டினம் போலக் கால் சுற்றுச் சுற்றிக்கொண்டே கீழே இறங்கியது. அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, இப்போது இல்லை.

அசல் யர்ட் வளையத்தில் துளை சதுரமாக இருப்பது எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது. வட்டத் துளையில் கழி உருளும், சாயும். சதுரத்தில் செருகினால் விறைத்து நிற்கும். இப்போதுள்ள வளையம் 3 அடி விட்டம்: மூங்கில் பட்டைகளைப் பச்சையாக வளைத்து அடுக்கடுக்காகக் கட்டிய இரண்டு வளையங்கள், நடுவே வேப்பங்கட்டைத் துண்டுகள், துண்டுகளுக்கு இடையே 32 சதுரப் பொந்து.

கிர்கிஸ்தான் கொடியின் நடுவில் சூரியனுக்குள் ஏதோ கோடு போட்டிருக்குமே, அது இந்த வளையம்தான். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற கோலம். கசாக்ஸ்தான் அரசு முத்திரையிலும் இதே வளையம். நாற்காலி போன பிறகு எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

4 மார்ச்

வனத்துறை அனுமதி வேண்டுமா என்று கேட்டவருக்கு ஒரு வரி. வனச் சட்டத்தில் மூங்கிலை மரமென்று வைத்திருந்ததை 2017 கடைசியில் நீக்கிவிட்டார்கள். காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளர்ப்பதற்கு அந்தத் தொல்லை போயிற்று. காட்டில் வெட்டுவது வேறு விஷயம், அதற்கு நான் பொறுப்பில்லை.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது, மருந்தெல்லாம் வீண்செலவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் தாத்தாவும் சொல்வார். சோதனைக்கு ஆறு பிளாச்சு மருந்தில்லாமல் கொட்டகையில் கட்டி வைத்திருக்கிறேன், தேய்பிறையில் வெட்டியவைதான். பார்ப்போம்.

28 ஏப்ரல்

வெயில். மத்தியானம் இரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் 37, யர்ட்டுக்குள் 41. தார்ப்பாய் போர்த்திய எதுவும் அடுப்புதான்.

30 ஏப்ரல்

மங்கோலியர் கோடையில் கம்பளியின் கீழ் ஓரத்தைச் சுருட்டித் தூக்கிவிடுவார்கள். நாமும் தார்ப்பாயை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, உச்சி வளையத்தைத் திறந்து வைத்தோம். சூடு மேலே போய், கீழே காற்று வந்தது. 38. இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது. பாம்பு வராதா என்று மாமியார் கேட்டார். கொசுவலைத் துணியைக் கீழே சுற்றித் தைத்திருக்கிறேன், அதுவரை தைரியம்.

19 மே

தார்ப்பாய்க்கு மேலே கீற்று வேய்ந்துவிட்டேன். கூம்புக்கு வேய்வது ஓட்டுக்கூரை மாதிரி எளிதில்லை. கீழ் வரிசைக்கு முழுக் கீற்று, மேலே போகப் போகக் கிழித்துக் கிழித்து ஒடுக்க வேண்டும். உள்ளே இறங்கியிருக்கிறது பாருங்கள் ஒரு குளிர்ச்சி, வேறு ரகம்.

பிரித்து மாட்டும் வீடு என்று சொன்னாயே, இப்போது எப்படிப் பிரிப்பாய் என்று கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

19 ஜூன்

இரண்டு நாள் கோடை மழை. காலையில் போய்ப் பார்த்தால் வளையம் நாலு அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. கதவு பிடித்துக்கொண்டு திறக்கவில்லை. நனைந்த கீற்றின் பாரம் ஒரு பக்கம். கைவைத்துப் பார்த்தால் அந்த அரைஞாண் கயிறு, பிப்ரவரியில் நான் மறந்துபோனேனே அது, தொளதொளவென்று இருக்கிறது. சுவர் 15 அங்குலம் விரிந்துவிட்டது.

22 ஜூன்

தப்பாக எழுதிவிட்டேன். சுவர் 15 அங்குலம் விரிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், கூரை தலையில் இருக்கும். 15 அங்குலம் நீண்டது கயிறு. பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கூரைக் கழி கிடைமட்டமாக ஐந்தரை அடி போகிறது, உயரமாக 3 அடி சொச்சம் ஏறுகிறது. ஆகவே சுவர் ஒரு அங்குலம் வெளியே போனால் வளையம் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கும். நாலு அங்குலம் இறங்கியதென்றால் சுவர் இரண்டே கால் அங்குலம் விரிந்திருக்கிறது. விட்டத்தில் நாலரை அங்குலம். சுற்றளவில் பதினாலு, பதினைந்து.

44 அடிக் கயிற்றில் 15 அங்குலம் என்பது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. தேங்காய்நார்க் கயிறு நனைந்து பாரம் ஏறினால் அவ்வளவு கொடுக்கத்தான் செய்யும், முடிச்சு இறுகுவதிலேயே பாதி போயிருக்கும். இப்போதெல்லாம் வெளிநாட்டில் யர்ட் செய்பவர்கள் அந்த இடத்தில் எஃகுக் கம்பிவடம் போடுகிறார்கள். நானும் ஹார்டுவேர் கடையில் நாலு மில்லி கம்பிவடம் வாங்கி, டர்ன்பக்கிள் (இழுத்து இறுக்கும் திருகு) வைத்து முறுக்கிவிட்டேன். கொல்லைக் கம்பிவேலிக்கு இழுக்கும் அதே சாமான். விலை பெரிதில்லை.

மூங்கில் நிற்குமா, மூங்கில் நிற்குமா என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை உடைந்தது எதுவும் மூங்கிலால் இல்லை. ஆணி, ரிம், கயிறு.

14 ஜூலை

முந்தைய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொட்டகையில் கட்டி வைத்த அந்த ஆறு தேய்பிறைப் பிளாச்சு: கீழே தரையில் மஞ்சள் மாவு, சின்னச் சின்னக் குவியலாக, அரிசி மாவு சலித்த மாதிரி. தட்டினால் இன்னும் கொட்டுகிறது. நாலில் துளை, இரண்டில் இல்லை. மருந்தில் ஊறியவற்றில் ஒன்றிலும் இல்லை. ஆறு பிளாச்சை வைத்துத் தாத்தாவைப் பொய்யராக்க முடியாது. ஊறல் போட்டு, அடுப்புப் புகையில் வைத்து என்று அவர் கூடவே செய்தது நிறைய இருந்தது. ஆனால் என் வீட்டுக் கூரையை நிலாவிடம் ஒப்படைக்க மாட்டேன்.

11 ஆகஸ்ட்

இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் நான் கொடுத்த ஒரே புத்திமதியே தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு முன்னாலேயே கீற்றைப் பிரித்தோம் (பூஞ்சை பிடித்திருந்தது). சரி, ஒரு தடவை மொத்தமும் மடித்துத்தான் பார்ப்போமே என்று சுவரைத் தள்ளினால் மடங்கவில்லை. பாதி வரை வந்து நின்றுவிட்டது. அழுத்தினால் கட்டுகள் பிளாச்சில் வழுக்கி நகர்ந்து, கட்டம் கட்டமாக இருந்த சுவர் வலைபோலக் கோணிக்கொண்டது. சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டித்தான் கட்டியிருந்தேன், பிடிமானம் அருமையாக இருக்கும். அந்தப் பிடிமானம்தான் வினை. ஏழு மாத வெயிலில் பாதி டியூப் வெடித்தும் போயிருந்தது.

அண்ணனை வரச்சொல்லிக் காட்டினேன். சட்டத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். "நான் கட்டுறது நவுறக்கூடாதுன்னு கட்டுறது தங்கச்சி. உனக்கு நவுறணும். இத நீ மொதல்லயே சொல்லலியே" என்றார். நியாயம். பந்தலுக்குக் கட்டு மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும், நாலாம் நாள் அறுத்தெறிந்துவிடலாம். யர்ட் சுவருக்கு ஒவ்வொரு கட்டும் ஒரு கீல். 240 கீல். சுற்றிக் கட்டினால் கீல் ஆகாது, நடுவே ஒரு அச்சு வேண்டும். அச்சுக்குத் துளை வேண்டும்.

மங்கோலியர் துளை போட்டு அதில் தோல்வாரைச் செருகி இரண்டு பக்கமும் முடிச்சிடுகிறார்கள். அவர்களுடையது வில்லோ போன்ற மரம், பிளக்காது. மூங்கிலில் முடியுமா என்று ஒரு பிளாச்சில் பார்த்தேன்: ஆணி இல்லை, டிரில். ஐந்து மில்லி பிட், வேகமாகச் சுற்றவிட்டு, அழுத்தாமல், அடியில் ஒரு மரக்கட்டை வைத்து. பிளக்கவில்லை. பத்துப் போட்டேன். இருபது. ஓரத்திலிருந்து தள்ளி, பிளாச்சின் நடுவில் போட வேண்டும், முனைக்கு ரொம்பப் பக்கத்தில் கூடாது. முனையில் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தை முதலில் நூலால் இறுகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். மூங்கில் நாரெல்லாம் நீளவாக்கில் ஓடுகிறது, குறுக்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆணி நாரைப் பிரித்துக்கொண்டு நுழைகிறது, அதனால்தான் அந்த 'டிக்'. டிரில் நாரை அறுத்து எடுத்துவிடுகிறது.

மூன்று நாளில் 480 துளை. கையில் கொப்புளம் வந்ததும் அக்கா மகளிடம் கொடுத்துவிட்டேன். நைலான் கயிற்றைச் செருகி இரண்டு பக்கமும் முடிச்சிட்டு நுனியைச் சுட்டோம். இப்போது சுவர் இரண்டு பேர் தள்ளினால் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒடுங்குகிறது. சொன்ன பேச்சைக் கேட்கிறது, கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது.

12 ஆகஸ்ட்

அண்ணன் தப்பாகச் சொன்னார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வியை நான் தப்பாகக் கேட்டேன். கூரைக் கழியைச் சுவரில் மாட்டும் கயிற்று வளையம், கதவு நிலை இரண்டும் இன்னும் அவர் கட்டியபடிதான் இருக்கிறது.

எடை கேட்டவருக்கு: சட்டம், கழி, வளையம், கதவு, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து 90 கிலோ பக்கம். குட்டியானையில் பாதி இடம்கூடப் பிடிக்காது. செலவு இதுவரை 24,000 ரூபாய், கூலியோடு. வீணடித்ததும் அதில் சேர்த்தி. நாற்காலி சேரவில்லை.

8 செப்டம்பர்

புயல் நிவாரணத்துக்கு இதைக் கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். ஆரம்பத்தில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. 240 கீல் வைத்த சுவரை அவசரத்தில் யார் செய்வார்கள்?

நடந்திருப்பதைப் பார்க்கலாம். 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் காகிதக் குழாய்ச் சுவர் வைத்து வீடு போட்டார். கூரைக்கு மூங்கிலைப் பிளந்து வளைத்து, மேலே நம்மூர்ப் பாய், நடுவே பிளாஸ்டிக் தாள், மறுபடி பாய். கூண்டு வண்டியின் கூண்டைப் பார்த்தவர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியாது. வளைத்த பிளாச்சு, மேலே பாய்: மழைக்கும் வெயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்த கூடாரம்தானே அது.

பாகிஸ்தானில் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி செய்வது என் யர்ட்டுக்குச் சித்தி மகள் மாதிரி. எட்டுப் பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்கூட்டியே கட்டி வைத்த மூங்கில் சட்டம், மேலே குடைபோல மூங்கில் கூரை, சுவருக்கு மண்ணும் சுண்ணாம்பும். 2022 வெள்ளத்துக்குப் பின் சிந்துவில் கிராமத்து ஜனங்களே கட்டினார்கள். 2023இல் அவருக்குப் பிரிட்டன் கட்டடக் கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கவனியுங்கள், அவர் சட்டத்தை மடக்கவில்லை. எட்டு நேர்ச் சட்டங்களை நிறுத்திச் சேர்த்துக் கட்டுகிறார். கீல் தொல்லையே இல்லை. நான் திரும்ப ஆரம்பித்தால் அப்படித்தான் ஆரம்பிப்பேனோ என்று சில ராத்திரி தோன்றுகிறது.

மறுபக்கம் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார். 2017 ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேல் ரோஹிங்கியா அகதிகள் வந்திறங்க, குன்று குன்றாக மூங்கிலும் தார்ப்பாயும். அவசரத்தில் பச்சையாக, இளசாக வெட்டிய மூங்கில். மாதக்கணக்கிலேயே வண்டு அரிக்க ஆரம்பித்தது. பிறகு வெண்கார ஊறல் தொட்டிகள் கட்டினார்கள். நெருக்கமாக இருந்ததால் 2021 மார்ச்சில் ஒரு தீ, ஆயிரக்கணக்கான குடில்கள் ஒரே நாளில் போயின. என் தேய்பிறைப் பிளாச்சுக் கதையைச் சிரித்துக்கொண்டு எழுதினேன், அங்கே வண்டின் அதே பாடத்தை எப்படிப் படித்திருக்கிறார்கள் பாருங்கள்.

கஜா புயலின்போது, 2018 நவம்பரில், வேதாரண்யம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். கீற்று வீடு போயிருந்தது. திரும்ப வேய்வதற்குக் கீற்று கொடுக்க வேண்டிய தென்னையும் விழுந்து கிடந்தது. அவர்கள் கேட்டது தார்ப்பாய். கழி நிறையக் கிடந்தது.

9 செப்டம்பர்

நம்மூரில் யர்ட் இல்லை என்று நேற்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் குட்டிகளை அடைத்து வைக்கக் கவிழ்த்துப் போடும் பெரிய கூட்டைப் பார்த்ததில்லையா? வட்டம், பின்னல் சுவர், மேலே குவிந்த கூரை, தலையில் தூக்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடலாம். என்ன, மனிதர் உயரத்துக்கு யாரும் செய்யவில்லை.

29 நவம்பர் 2024

புயல் புதுச்சேரி பக்கம் கரையேறும் என்கிறார்கள். 90 கிலோ வீட்டுக்கு விழுகிற பயமில்லை, பறக்கிற பயம்தான். மங்கோலியர் காற்று அதிகமானால் வளையத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு அதில் கனமான கல்லைக் கட்டுவார்கள். நான் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கட்டியிருந்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, கேனோடு சேர்ந்து பறக்கும் என்றார்.

பிரிக்கப் போகிறோம்.

29 நவம்பர், மாலை

இரண்டு பேர், தூறலில், 1 மணி 50 நிமிடம். தார்ப்பாய், கம்பிவடம், கழிகள் (ஒவ்வொன்றாகப் பொந்திலிருந்து உருவும்போது வளையத்தை ஒருவர் கவைக்கோலால் தாங்கிப் பிடிக்க வேண்டும், கை கடுத்துவிட்டது), கடைசியில் சுவர். மடங்கியது. நாலு கட்டாகக் கட்டி உரக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டோம்.

4 டிசம்பர்

கரண்ட் இப்போதுதான் வந்தது. ஃபெஞ்சல் 30ஆம் தேதி ராத்திரி கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. உலான்பாத்தரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே 30 செ.மீ.க்குள். அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வீட்டை இந்த ஊரில் நிறுத்துகிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

நர்சரியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பாலித்தீன் பைகளில் இருந்த நாற்று ஒன்றும் மிஞ்சவில்லை. உரக்கொட்டகைக் கூரையில் இரண்டு தகரம் போய்விட்டது. பரணில் இருந்த கட்டுகள் நனைந்திருந்தன, அவ்வளவுதான். ஒரு தடவை நனைவது மூங்கிலை ஒன்றும் செய்யாது. ஆனால் வெண்காரம் தண்ணீரில் கரைகிற சரக்கு. இப்படி ஊறினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். தரையில் பட்டு நிற்கும் பிளாச்சு நுனிக்கு அதனாலேயே செங்கல் வைத்திருந்தேன். தை பிறந்ததும் நுனிகளை மறுபடி மருந்தில் முக்க வேண்டும்.

26 ஜனவரி 2025

மறுபடி எப்போது நிறுத்துவாய் என்று கேட்பவர்களுக்கு. வளையமும் கழிகளும் தயார். நுனி முக்கியாயிற்று, எலுமிச்சை மரமும் துளிர்த்துவிட்டது. தார்ப்பாய்க்கு மேல் கீற்று வேண்டாம் என்று முடிவு செய்து, பழைய பருத்திச் சேலைகளை ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே நிழலாகக் கட்டலாமென்று யோசனை.

சுவர் மட்டும் கையில் இல்லை. பந்தல்கார அண்ணனின் ஆட்டுப்பட்டி வெள்ளத்தில் போய்விட்டது. பரணில் கட்டாக இருந்ததைப் பார்த்தவர், இழுத்தால் 40 அடி வரும்தானே என்று கேட்டார். வண்டிகூட வைக்கவில்லை, இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். நீட்டி வட்டமாக நிறுத்தி, உள்ளே பதினெட்டு ஆடு. கதவுக்கு விட்ட இடைவெளியில் ஒரு படல். இரண்டு கட்டத்தில் முடிச்சை மேய்ந்திருக்கின்றன, அந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டிருக்கிறார். மாசியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.